தள்ளுபடியைவிடப் பெரிய எண்

ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது தள்ளுபடியைத்தான். கதவில் ஒட்டிய நட்சத்திர லேபிளில், அது ஆண்டுக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று அச்சிட்டிருக்கும். நட்சத்திரங்களைவிட அந்த எண்தான் முக்கியம். லேபிளின் ஆண்டையும் பார்க்க வேண்டும். தர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது.

மின்விசிறிக்கு வருவோம். பழைய 75 வாட் விசிறி தினமும் 12 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு 22 யூனிட்கூட ஆகாது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால், அதற்குக் கீழே உள்ள பல யூனிட்டுகளுக்கும் கட்டணம் எகிறிவிடும். 520, 530 என்று கணக்குக் காட்டும் வீட்டில் ஒரே ஒரு விசிறியை மாற்றினாலே பில் கணிசமாக இறங்கும்.