இரண்டு பக்கமும் அனுப்பாத பாக்கெட்: காம்காஸ்ட் டோரண்ட் வழக்கு

டோரண்ட் பயன்படுத்தும் எல்லோருக்கும் ஒருநாள் இந்தச் சந்தேகம் வரும். இன்டர்நெட் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறானா, இல்லை லைனே நெரிசலில் திணறுதா? பெரும்பாலும் இது டீக்கடைப் பேச்சாகவே முடிந்துவிடும், ஏன்னா ரெண்டுமே வெளியிலிருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு தடவை இது பாக்கெட் பாக்கெட்டாக நிரூபிக்கப்பட்டு, அரசு ஆணையம் வரைக்கும், பிறகு கோர்ட் வரைக்கும் போனது. 2007-இல் அமெரிக்காவின் பெரிய கேபிள் இன்டர்நெட் கம்பெனியான காம்காஸ்ட் மாட்டிக்கொண்ட கதை அது. இதில் கம்பெனி சொன்ன பிரச்சினை நிஜமானது. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம்தான் தப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் இன்றைக்கும் இந்த விவாதம் குழம்பிக் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ராப் டோபோல்ஸ்கி ஓரிகன் மாநிலத்துக்காரர், மென்பொருள் சோதனைத் துறையில் இருந்தவர். பார்பர்ஷாப் குவார்டெட் என்று ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு வகை உண்டு. வாத்தியமே இல்லாமல் நாலு பேர் சேர்ந்து பாடுவது. அவருக்கு அதில் பித்து. அந்தப் பழைய பதிவுகளை ஃபைல் ஷேரிங் மூலம் மற்ற ரசிகர்களுக்குக் கொடுக்கப் பார்த்தார். டவுன்லோட் ஒழுங்காக நடந்தது. அப்லோட் மட்டும் ஆரம்பித்த வேகத்தில் அறுந்துகொண்டே இருந்தது.

சாதாரணமாக நாம் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வோம். அவர் லைனில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தார். அங்கே ஆர்எஸ்டி பாக்கெட்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

ஆர்எஸ்டி என்றால் ரீசெட். இரண்டு கம்ப்யூட்டர்கள் டிசிபி மூலம் பேசிக்கொள்ளும்போது, ஒருவர் "பேச்சு முடிந்தது, போனை வைக்கிறேன்" என்று சட்டென்று சொல்வதற்கான சமிக்ஞை அது. அதைப் பெற்றவர் மறுபேச்சில்லாமல் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். டிசிபியின் விதி அப்படி. இதில் தப்பே இல்லை, தினமும் ஆயிரக்கணக்கில் நடப்பதுதான்.

விஷயம் என்னன்னா, இணைப்பின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்து ஒப்பிட்டால், 'அ'வுக்கு 'ஆ'விடமிருந்து ரீசெட் வந்திருக்கிறது, 'ஆ'வுக்கு 'அ'விடமிருந்து வந்திருக்கிறது. ஆனால் இருவருமே அனுப்பவில்லை. நடுவில் யாரோ இருவர் கையெழுத்தையும் போட்டு, ஆளுக்கொரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். காம்காஸ்ட் தன் நெட்வொர்க்கில் வைத்திருந்த சாண்ட்வைன் கம்பெனியின் கருவிகள்தான் அந்த யாரோ.

2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதைத் தானே சோதித்தது. கிங் ஜேம்ஸ் பைபிளின் ஃபைலை பிட்டோரண்டில் பகிர்ந்து, காம்காஸ்ட் இணைப்பில் இருந்த கம்ப்யூட்டர்களிலிருந்து இறக்கிப் பார்த்தார்கள். ஏன் பைபிள்? அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடையாது, ஃபைலும் சின்னது. மூன்று முறை முயன்றதில் இரண்டு முறை தடுக்கப்பட்டது. மூன்றாவது முறை 10 நிமிடம் கழித்துத்தான் ஆரம்பித்தது. "திருட்டுப் படத்தைத்தான் தடுக்கிறோம்" என்று சொல்ல இனி வழியில்லாமல் போயிற்று. இஎஃப்எஃப் அமைப்பும் தனியாகச் சோதித்து இதையே உறுதி செய்தது. முதலில் எதையும் தடுக்கவில்லை என்று சொன்ன கம்பெனி, பிறகு "தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறோம்" என்றது.

கம்பெனியின் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. கேபிள் இன்டர்நெட் என்பது பகிர்ந்துகொள்ளும் குழாய். ஒரு பகுதியில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே சேனலைப் பங்கு போட்டுக்கொள்ளும். காம்காஸ்ட் கணக்கில் சராசரியாக சுமார் 100 வாடிக்கையாளர்கள் ஒரு அப்லோட் போர்ட்டைப் பகிர்ந்தார்கள். அந்தக் காலத்து டாக்சிஸ் 1.1 தொழில்நுட்பத்தில் ஒரு அப்லோட் சேனலின் உச்சபட்சம் சுமார் 10 எம்பிபிஎஸ். டிவி கொடுக்கப் போட்ட கம்பி அது. வீட்டுக்குள் நிறைய வரும், வீட்டிலிருந்து கொஞ்சமாகப் போகும் என்று நினைத்து வடிவமைத்தது. 2001-இல் பிராம் கோஹன் பிட்டோரண்டை எழுதினார். அதில் வாங்குகிற ஒவ்வொருவரும் கொடுக்கவும் வேண்டும். கம்பியின் கணக்கே தலைகீழானது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நெரிசல் வந்தால் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை டிசிபியே பார்த்துக்கொள்ளும். 1986-இல் பெர்க்லியில் சில நூறு கெஜ தூரத்துக்குள் இருந்த ஒரு இணைப்பின் வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து நொடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. அதன் பிறகு வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட முறைதான் இது. பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை, இல்லாவிட்டால் மெல்லக் கூட்டு. இதனால் எல்லா இணைப்புகளும் ஏறக்குறைய சமமாகப் பங்கு பெறும்.

கவனியுங்கள், சமம் என்பது இணைப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை. தெருக்குழாய் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடத்துக்கு ஒரு முறை என்பது விதி. ஒருவர் ஒரு குடம் வைக்கிறார், இன்னொருவர் பத்துக் குடம் வைக்கிறார். விதி மீறப்படவில்லை, ஆனால் பத்துக் குடக்காரர் பத்து மடங்கு தண்ணீர் பிடித்துப் போகிறார். டோரண்ட் அதைத்தான் செய்கிறது. ஒரே நேரத்தில் பல பேரோடு பல இணைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரே ஒரு இணைப்பில் இன்டர்நெட் போன் பேசினால், அவர் குரல்தான் வெட்டி வெட்டிக் கேட்கும்.

ஆக, நெரிசல் கற்பனை இல்லை.

அப்புறம் வைத்தியம் ஏன் தப்பு?

முதலாவது, நெரிசல்தான் காரணம் என்றால் நெரிசல் இருக்கும்போது மட்டும் தடுக்க வேண்டும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வு நிறுவனம் 2008-இல் உலகம் முழுக்க இருந்த பயனர்களை வைத்து அளந்தது. தடுப்பு ராத்திரி, பகல் பார்க்காமல் எல்லா நேரத்திலும் நடந்தது தெரிந்தது. குழாயடியில் ஆளே இல்லாத ராத்திரி மூணு மணிக்கும் குடத்தை எட்டி உதைப்பதற்குப் பெயர் வரிசை ஒழுங்கு இல்லை.

இரண்டாவது, எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதைப் பார்க்காமல், என்ன புரோட்டோகால் என்பதைப் பார்த்தார்கள். பிட்டோரண்ட், ஈடாங்கி, நூட்டெல்லா மாதிரி சில பெயர்கள் பட்டியலில். சின்ன பைபிள் ஃபைல் அனுப்பியவரும் மாட்டினார். வேறு வழியில் நாள் முழுக்க அப்லோட் செய்தவர் தப்பித்தார். லோட்டஸ் நோட்ஸ் என்ற அலுவலக மென்பொருளில் பெரிய அட்டாச்மெண்ட் அனுப்பினாலும் இணைப்பு அறுகிறது என்று அப்போது புகார் வந்தது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அது பொய்க் கையெழுத்து. வேகத்தைக் குறைப்பது வேறு, அடுத்தவர் பெயரில் பேசுவது வேறு. மென்பொருள் எழுதுபவன் ரீசெட் வந்தால் எதிர்முனை போய்விட்டது என்று நம்பித்தான் எழுதுகிறான். நடுவில் இருப்பவன் அந்த நம்பிக்கையைக் கெடுத்தால், பழுது எங்கே என்று தேடுகிறவன் ஆயுசுக்கும் தப்பான இடத்திலேயே தேடிக்கொண்டிருப்பான்.

ஆணையமும் கோர்ட்டும்

ஃப்ரீ பிரஸ், பப்ளிக் நாலெட்ஜ் ஆகிய அமைப்புகள் எஃப்சிசி என்ற தகவல் தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தன. 2008 பிப்ரவரியில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் பொது விசாரணை நடந்தது. அங்கே காசு கொடுத்து ஆள் வைத்து இடம் பிடித்ததை காம்காஸ்ட்டே ஒப்புக்கொண்டது. ரேஷன் கடையில் கல்லைப் போட்டு வரிசை பிடிப்பது நமக்குப் புதுசு இல்லை. வரிசையில் நிறைய இடம் பிடிக்கிறார்கள் என்று டோரண்ட்காரர்களைக் குறை சொன்ன கம்பெனி அதைச் செய்ததுதான் வேடிக்கை.

2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி எஃப்சிசி 3-க்கு 2 என்ற வாக்கில் காம்காஸ்ட் செய்தது தவறு என்று தீர்மானித்தது. அபராதம் இல்லை. வருடக் கடைசிக்குள் நிறுத்தச் சொன்னது. கம்பெனி நிறுத்திவிட்டு, அப்பீலும் செய்தது. 2010 ஏப்ரல் 6-ஆம் தேதி வாஷிங்டன் அப்பீல் கோர்ட் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதைப் பலர் "காம்காஸ்ட் செய்தது சரி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று எழுதுகிறார்கள். கோர்ட் அப்படிச் சொல்லவே இல்லை. அப்படி உத்தரவு போட எஃப்சிசிக்குச் சட்டப்படி அதிகாரம் இருப்பதாகக் காட்டவில்லை என்றுதான் சொன்னது. அன்றிலிருந்து அமெரிக்காவில் இந்த விதி வருவதும் போவதுமாக இருக்கிறது. 2015-இல் வந்தது, 2017-இல் ரத்தானது, 2024-இல் திரும்ப வந்தது, 2025 ஜனவரியில் கோர்ட் அடித்துவிட்டது.

என்ஜினியர்கள் கண்ட தீர்வு

சட்டம் ஊசலாடிய அதே காலத்தில், தொழில்நுட்பப் பக்கம் இரண்டு நல்ல காரியம் நடந்தது.

ஒன்று, காம்காஸ்ட்டே கொண்டுவந்த புது முறை. அதை 2010-இல் ஆர்எஃப்சி 6057 ஆவணமாக வெளியிட்டார்கள். என்ன புரோட்டோகால் என்று பார்ப்பதே இல்லை. அப்லோட் போர்ட் 15 நிமிடம் 70 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்து, அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால், அவருடைய பாக்கெட்டுகள் தற்காலிகமாக வரிசையில் பின்னுக்குப் போகும். பயன்பாடு குறைந்தால் பழைய இடம் கிடைக்கும். நெரிசல் உண்டா, ஆள் யார், எவ்வளவு என்ற மூன்றுதான் கேள்வி. இதை முதலிலேயே செய்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

இரண்டு, டோரண்ட் தரப்பே தன்னைத் திருத்திக்கொண்டது. லெட்பேட் என்று ஒரு முறை. பாக்கெட் தொலையும் வரை காத்திருக்காமல், பாக்கெட் போய்ச்சேரும் நேரம் கூடுகிறதா என்று பார்க்கும். தாமதம் கூடினால் வரிசை நீள்கிறது என்று அர்த்தம். உடனே தானே ஒதுங்கிவிடும். அதாவது ஆள் வந்தால் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு, "நீங்க பிடிங்க" என்று சொல்லும் பத்துக் குடக்காரர். 2012-இல் இது ஆர்எஃப்சி 6817 ஆனது. அதற்கு முன்பே மியூடோரண்ட் மென்பொருளில் வந்துவிட்டது.

நம் வீட்டில் எப்படிச் சோதிப்பது?

பலரும் பகிரும் ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை டோரண்டில் 10 நிமிடம், நேரடி டவுன்லோடில் 10 நிமிடம், விபிஎன் போட்டு டோரண்டில் 10 நிமிடம் இறக்கிப் பாருங்கள். இதையே ராத்திரி 9 மணிக்கும் விடியற்காலையிலும், சில நாட்கள் செய்து குறித்து வையுங்கள்.

9 மணிக்கு எல்லாமே மெதுவாகி, விடியற்காலையில் எல்லாமே சரியானால் அது நெரிசல். எந்நேரமும் டோரண்ட் மட்டும் படுத்து, விபிஎன் போட்டதும் எழுந்தால், சந்தேகப்படலாம். அதற்குமுன் இரண்டை விலக்க வேண்டும். மாதாந்திர டேட்டா அளவு தாண்டியிருந்தால் எல்லாமே மெதுவாகும். ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குக் கொடுத்திருந்தால் வெளியிலிருந்து டோரண்ட் இணைப்பு உள்ளே வராது, அதனாலும் வேகம் குறையும். இரண்டும் தடுப்பு இல்லை.

இந்தியாவில் 2018-இல் தொலைத்தொடர்புத் துறை ஏற்ற விதிகள், குறிப்பிட்ட உள்ளடக்கத்தைத் தடுப்பதையும் மெதுவாக்குவதையும் தடை செய்கின்றன. ஆனால் 'நியாயமான டிராஃபிக் மேலாண்மை'க்கு இடம் விடுகின்றன. அந்த 'நியாயமான' என்ற சொல்லுக்குள் எது வரும், எது வராது என்று யாராவது கேட்டால், நான் காம்காஸ்ட்டின் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். ஒரே கம்பெனி, ஒரே கம்பி, ஒரே நெரிசல். முதல் முறையை மறைத்து வைத்திருந்தார்கள், இரண்டாவதை எண்களோடு ஊருக்கெல்லாம் வெளியிட்டார்கள்.