அரக்கர் கற்பிக்கும் பாடம்

அறிவியற் புனைகதைகளில் வரும் அரக்கர்களைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவோர் பலர். ஒதுக்கத்தக்க படைப்புகள் மிகுதி என்பதும் உண்மையே. ஆயினும், குறைந்த செலவில் எழுந்த அரக்கரும் நிறைந்த கருத்தை உணர்த்தக்கூடும் என்பதற்குப் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் படைத்தளித்த 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடர் தக்க சான்றாகும். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய அத்தொடர் 1989 வரை நிகழ்ந்து, 2005-இல் மீண்டும் உயிர்பெற்றது. ஈண்டு ஆராயப்படுவது அதன் பழைய பகுதியே.

காலத்தையும் வெளியையும் கடந்து உலவும் 'டாக்டர்' என்பாரே கதைத் தலைவர். தொடக்கத்தில் அவருடன் சென்றோர் அவர்தம் பேர்த்தியும், அவள் பயின்ற பள்ளியின் ஆசிரியர் இருவரும் ஆவர். ஒருவர் அறிவியல் கற்பிப்பவர். மற்றவர் வரலாறு கற்பிப்பவர். இளையோர்க்கு இவ்விரு துறைகளிலும் நாட்டம் உண்டாக்குதல் தொடரின் நோக்கங்களுள் ஒன்று. ஆகலின், தொடரைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற சிட்னி நியூமன், விழி பிதுங்கிய கோரவுருக்கள் இதில் தலைகாட்டலாகாது எனக் கருதினார். அவ்வெண்ணத்தை மீறி வந்த டாலெக்குகளே தொடரின் புகழை நிலைநாட்டின என்பது வியப்பன்றோ!

1963 டிசம்பரில் தொடங்கிய டாலெக் கதையை யாத்தவர் டெர்ரி நேஷன். அவற்றின் உருவை வகுத்தவர் ரேமண்ட் கியூசிக். காலில்லை, முகமில்லை. கவிகை போன்ற தலையில் நீண்டதொரு கண். கழிநீர்த்தொட்டியின் அடைப்பு நீக்கும் ரப்பர்க் குவளையே கை. உள்ளே அமர்ந்த நடிகர் அதனை நகர்த்துவார். மாந்தன் வேடம் பூண்டான் என்னும் நினைவே காண்போர்க்கு எழாதவாறு அமைந்தமையே இவ்வுருவின் சிறப்பு. அவ்விரும்புக் கூட்டினுள் வாழ்வது, அணுப்போரால் உருத்திரிந்த ஓர் உயிர். தன்னினம் அல்லாத அனைத்தும் அழிக என்பதே அதன் கொள்கை. 1930-இல் பிறந்து, போர்க்காலத்தில் வளர்ந்த நேஷன், நாஜிகளின் இனவெறியை மனத்திற்கொண்டே டாலெக்குகளைப் படைத்தார். போர் முடிந்து பதினெட்டே ஆண்டுகள் சென்ற நாட்டில் அதன் பொருள் விளங்காதிருக்குமோ?

1966 அக்டோபரில் தோன்றிய சைபர்மேன்கள் வேறு வகையினர். மருத்துவ ஆய்வாளரான கிட் பெட்லரும் ஜெரி டேவிஸும் படைத்த இவர்கள், சாவை வெல்லும் பொருட்டு உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிச் செயற்கை உறுப்புகளைப் பொருத்திக்கொண்டவர்கள். முடிவில் உணர்ச்சியையும் களைந்தவர்கள். முதற்கதையில் அவர்தம் முகம் துணியால் மூடப்பெற்றிருக்க, கைகள் மட்டும் மாந்தர் கைகளாகவே காணப்பட்டன. அவர்கள் இழந்தது இன்னதென அக்கைகளே காட்டிவிடுகின்றன.

அச்சம் பிறக்கும் களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தலைவர் என்னும் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும். டாலெக்கும் சைபர்மேனும் தரும் அச்சமோ, யாமும் இவ்வாறு ஆகிவிடுவோமோ என மாந்தன் தன்னை நோக்கித் தானே கொள்ளும் அச்சமாகும். ஒன்று அருளை இழந்த அறிவு. மற்றொன்று அன்பை விலையாகக் கொடுத்துப் பெற்ற வாழ்வு.

தொடரில் குறைகள் இல்லாமல் இல்லை. எளிய காட்சியமைப்புகள் சில ஆட்டங்கண்டன. அரக்கர் சிலர் நகைப்பையே விளைத்தனர். எனினும் 1975-இல் வந்த 'டாலெக்குகளின் தோற்றம்' என்னும் கதையில், அவ்வினத்தைக் கருவிலேயே அழிக்கும் வாய்ப்பு டாக்டருக்குக் கிட்டுகிறது. இரு மின்கம்பிகளை இணைத்தால் போதும். அவரோ, ஓர் இனத்தையே ஒழிக்கும் உரிமை தமக்கு உண்டோ எனத் தயங்கி நிற்கிறார். ஒழித்தால் தாமும் டாலெக்கிற்கு ஒப்பாவோம் என அஞ்சுகிறார். அரக்கனை வெல்லும் வேளையில் அரக்கனாகிவிடாமை வேண்டும் என்னும் அறம் ஈண்டு விளங்குகிறது.

இளையோர் கதைகளைத் தேர்ந்தளிக்கும் ஆசிரியர்க்கு இத்தொடர் ஓர் அளவுகோல் தருகிறது. கதையில் அரக்கன் உளனா என வினவுவதினும், அவன் எதனை இழந்து அரக்கனானான் என வினவுதல் நன்று. அவ்வினாவிற்கு விடை தரும் கதை மாணவர்க்குரியதே.