கல்லீரற் கொழுப்பும் பயிர்ப் பொருள்களும்

மதுவருந்துவோர்க்கே கல்லீரல் கெடும் என்னும் எண்ணம் நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. மதுவைத் தொட்டறியாத நிலச்சுவான்தார்களின் கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருப்பதை மருத்துவர்கள் இக்காலத்தில் அடிக்கடி காண்கின்றனர். கமலை இறைத்தும் ஏர் பிடித்தும் வந்த குடும்பத்தினர் இன்று மோட்டாரின் விசையைத் தட்டுவதோடு நிற்கின்றனர். சோற்றின் அளவோ முன்போலவே உள்ளது. செலவாகாத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. நோவு ஒன்றும் தோன்றாமையால் நோயாளி பல்லாண்டுகள் இதனை அறிவதில்லை. சிலருக்கு ஈரல் வீங்கி, தழும்பேறி, இறுகிப்போவதும் உண்டு.

இக்கொழுப்பைத் தடுக்கும் பொருள்கள் பயிர்களில் உளவா என்னும் வினாவிற்கு முதல் விடை கனடா தேசத்து டொரான்டோ நகரில் கிடைத்தது. கணையம் நீக்கப்பட்ட நாய்களை இன்சுலின் கொடுத்து உயிருடன் வைத்திருந்தபோது அவற்றின் ஈரல் கொழுப்பேறிக் கெட்டது. லெசித்தின் என்னும் பொருளை உணவிற் சேர்த்ததும் அக்கேடு விலகியது. லெசித்தினில் அடங்கிய கோலின் என்பதே இதற்குக் காரணமென்று 1932-இல் பெஸ்ட் என்பாரும் அவருடைய துணைவர்களும் எலிகளைக் கொண்டு நிறுவினர். இன்சுலினைக் கண்டறிந்தோருள் இந்த பெஸ்டும் ஒருவர்.

கோலினின் செயல் எளிதில் விளங்கக் கூடியது. களத்தில் நெல் எவ்வளவு குவிந்திருந்தாலும், சாக்கில்லையேல் வண்டியேற்ற இயலாதன்றோ? கல்லீரலிலுள்ள கொழுப்பு இரத்தத்தின் வழியே வெளியேற வேண்டுமாயின், கோலினால் ஆன ஓர் உறை அதற்கு வேண்டும். உறை குறைந்தால் கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடும். 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கோலின் நீக்கிய உணவை 3 வாரம் உண்ட நல்ல உடல்நிலையுள்ள ஆடவர்களின் இரத்தத்தில் ஈரற் பழுதின் அறிகுறி காணப்பட்டது. ஆடவர்க்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராமும், பெண்டிர்க்கு 425 மில்லிகிராமும் போதுமென 1998-இல் அந்நாட்டு வல்லுநர் கணக்கிட்டனர்.

தீட்டிய அரிசியில் இப்பொருள் மிகச் சொற்பம். உலர்ந்த சோயா மொச்சை 100 கிராமில் ஏறக்குறைய 115 மில்லிகிராமும், நிலக்கடலையில் அதிற் பாதியளவும் உண்டு. ஒரு பெரிய கோழிமுட்டை ஏறக்குறைய 150 மில்லிகிராம் தரும். பீட்ரூட், பாலக்கீரை, கோதுமைத் தவிடு ஆகியவற்றிலுள்ள பீட்டெயின் என்னும் பொருள் கோலினின் வேலையில் ஒரு பகுதியை ஏற்று, அதன் செலவைக் குறைக்கிறது. உவர்நிலத்திலும் வறட்சியிலும் தன் உயிரணுக்களில் நீரைக் காத்துக்கொள்ளவே பயிர் இப்பொருளைச் சேர்த்து வைக்கிறது என்பது விவசாயிகளுக்குச் சுவையான செய்தியாகும்.

ஆயினும் சாக்கு மிகுந்திருப்பதால் மட்டும் களம் காலியாகிவிடாது. நெல் வந்து குவிவதும் குறைய வேண்டும். கோழிப்பண்ணை வைத்திருப்போர் இதனைக் கண்கூடாகக் காணலாம். கூண்டிலடைத்து, நடமாட்டமின்றி, மக்காச்சோளத்தை மிகுதியாக உண்ட முட்டைக்கோழி திடீரெனச் செத்துவிழும். அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளுத்துக் கொழுப்பேறி, இரத்தம் கசிந்திருக்கும். தீவனத்தில் கோலின் போதியதாயிருப்பது அவசியமே. தீவனத்தின் மிகையைக் குறைப்பது அதனினும் அவசியம். பசுவிலோ வேறொரு சங்கடம் உண்டு. சினைக்காலத்தில் அளவுமீறிக் கொழுத்த பசு, கன்று ஈன்றபின் தீனியில் நாட்டமிழக்கும். உடற்கொழுப்பு கரைந்து ஈரலிற் சென்று படியும். சாதாரணக் கோலினைத் தீவனத்தில் கலந்தால், முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. உறையிட்ட கோலினே குடல்வரை செல்லும். பால் வற்றிய காலத்தில் பசுவைக் கொழுக்க விடாதிருத்தல் அதனினும் செலவு குறைந்த வழி.

மனிதர் விஷயத்திலும் உடல் எடையைக் குறைப்பதே இன்றளவும் முதன்மையான வைத்தியம். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைந்தாலே ஈரற்கொழுப்பு குறையத் தொடங்கும். ஈரல் வீக்கமும் தணிய 6 முதல் 8 கிலோ வரை குறைய வேண்டியிருக்கும். சோற்றிற் பாதியை நீக்கி, அவ்விடத்தில் பயறும் கீரையும் பெய்தால் இரு பயனும் ஒருங்கே கிட்டும்.

கீழாநெல்லியைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். 1988-இல் சென்னை ஆய்வாளர் அதனைச் சோதித்தது கிருமியால் வரும் ஈரல் நோய்க்கே. அன்று கூறப்பட்ட பலனைப் பிற இடங்களில் ஆராய்ந்தோர் காணவில்லை. மஞ்சளில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையே குர்க்குமின் உள்ளது. குழம்பில் இடும் அளவால் தீங்கில்லை. அதனைச் செறிவூட்டி, மிளகின் சாரத்தோடு மாத்திரையாக்கி உண்டவர்களில் சிலருக்கு இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஈரல் பழுதுற்றது. சீந்தில் உண்ட 6 பேருக்கு ஈரல் கெட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் அறிவித்தனர். பின்னர் நாட்டின் வேறு மருத்துவமனைகளிலிருந்தும் அத்தகைய செய்திகள் வந்தன. சந்தையில் ‘ஈரல் சூரணம்’ என்று விற்கப்படுவனவற்றை வாங்குமுன் கிராம அலுவலர்கள் மக்களுக்கு இதனை எடுத்துரைப்பது நலம். அவற்றை உண்டவர்க்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடனே மருந்தை நிறுத்தி, அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.