ஒரே சிம்பொனி, அரை மணி வித்தியாசம்! தெரியுமா?

புரூக்னர் இயற்றிய 8ஆவது சிம்பொனியை இசைக்குழு நடத்துநர் பியேர் பூலே 1996இல் வியன்னா பில்ஹார்மோனிக்கை வைத்து சுமார் 76 நிமிடத்தில் முடித்துவிட்டார். அதுவும் எங்கே? புரூக்னரையே அடக்கம் செய்திருக்கிற சாங்க்ட் ஃப்ளோரியான் தேவாலயத்தில்! அதே சிம்பொனிக்கு 1993இல் மியூனிக்கில் இன்னொரு நடத்துநர் செலிபிடாக்கே எடுத்துக்கொண்டது 100 நிமிடத்துக்கும் மேல்! இருவரும் வாசித்த பதிப்பு வேறு என்பார்கள். அதனால் அரை மணியா கூடும்? காலி வீதியில் பஸ் பறக்கிற பாதையில்தான் ஆடிவேல் ரதமும் ஊர்ந்து வருகிறது, அப்படித்தான் இதுவும். இந்த செலிபிடாக்கே இசைத்தட்டு என்றாலே முகம் சுளித்தவர். 1996இல் அவர் மறைந்த பிறகு குடும்பத்தார் சம்மதித்ததால்தான் பல பதிவுகள் நம் காதுக்கு எட்டின.

இதைவிட வேடிக்கை மாலருடையது! 5ஆவது சிம்பொனியின் அடாஜியெட்டோ என்ற பகுதியில் தந்தி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்பும் மட்டும்தான். மாலரோடு பழகிய மெங்கல்பெர்க் 1926இல் ஏறத்தாழ 7 நிமிடத்தில் வாசித்தார். மாலரின் உதவியாளராக இருந்த புரூனோ வால்டருக்கு 1938இல் 8 நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஹைட்டிங்க் 1988இல் பெர்லினில் அதைக் கிட்டத்தட்ட 14 நிமிடமாக இழுத்துவிட்டார்! பின்னாளில் மனைவியான ஆல்மாவுக்கு மாலர் எழுதிய காதல் கடிதம் இது என்று தன் ஸ்கோரில் குறித்து வைத்தவர் மெங்கல்பெர்க். 1968இல் ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் பெர்ன்ஸ்டைன் வாசித்ததும் இதையேதான். காதல் கடிதம் இரங்கற்பா ஆகிவிட்டது! எனக்கென்னவோ வால்டர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

இப்படி ஒப்பிட முடிவதே பதிவுகளால்தான். 1913இல் நிக்கிஷ் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு பீத்தோவனின் 5ஆவது சிம்பொனியைப் பதிந்தபோது மைக்கே கிடையாது. ஒரு குழாய்க்கு முன்னால் நெருக்கியடித்து வாசித்தார்கள். முழுவதும் கேட்க இசைத்தட்டின் 8 பக்கம் வேணும்!

கொழும்பு மட்டும் சளைத்ததா? 1920களின் தொடக்கத்தில் மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையிலிருந்து அதன் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். டிரான்ஸ்மிட்டர்? பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு செய்தது! நேரில் கேட்கவும் வழியுண்டு: இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா தொடங்கியது 1958இல்.

இன்றிரவே அடாஜியெட்டோவை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் வால்டர், அடுத்தது ஹைட்டிங்க். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடென்றால் ஹைட்டிங்குக்கு ஹெட்போன் கட்டாயம். அந்த 14 நிமிடத்துக்குள் பாணந்துறை ரயில் போய்விடும்!