ஜிப்லைன் நடுவழியில் நிற்பது ஏன்?

சென்னை தி.நகர் பனகல் பூங்காவிலிருந்து ஜி.என். செட்டி சாலை வழியாக ஜெமினி மேம்பாலத்தைத் தாண்டினால் கதீட்ரல் சாலை. அங்கே செம்மொழிப் பூங்காவுக்கு எதிரில், 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு பூங்காவில் சுமார் 500 மீட்டர் நீள ஜிப்லைன் அமைத்தார்கள். திறந்த புதிதில் இரண்டு பெண்கள் பாதி வழியில் அந்தரத்தில் நின்றுபோக, ஊழியர்கள் மீட்டார்கள். அப்படி நிற்பதற்குக் காரணம் என்ன?

எப்படி ஓடுகிறது?

பொதுவாக ஜிப்லைனில் நம்மை இழுக்க மோட்டார் கிடையாது. உயரமான மேடையிலிருந்து தாழ்வான மேடைக்கு இரும்பு வடம் கட்டியிருக்கும். வடத்தின் மேல் கப்பி உருளும். அதில் தொங்கும் நம்மைப் புவியீர்ப்பே இழுத்துச் செல்லும். 100 மீட்டருக்குச் சில மீட்டர் இறக்கம் இருந்தாலே போதும்.

எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வடம் தொய்யும். அதனால் புறப்படும்போது சரிவு அதிகம், வேகம் ஏறும். முடிவில் வடம் சற்றே மேல்நோக்கிப் போவதால் வேகம் தானாகக் குறையும். மிச்ச வேகத்தைக் கடைசியில் உள்ள பிரேக் வாங்கிக்கொள்ளும்.

ஏன் நிற்கிறது?

எடை குறைந்தவர்களையும் எதிர்க்காற்றில் போகிறவர்களையும் காற்று எளிதில் தடுத்துவிடும். கடைசி ஏற்றத்தைக் கடக்க வேகம் போதாவிட்டால், பின்னோக்கி உருண்டு தொய்வின் அடியில் நின்றுவிடுவார்கள். அப்படி நின்றால் வடம் அறுந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஊழியர் வந்து இழுத்துச் செல்லும்வரை வடத்தைத் தொடாமல் அமைதியாக இருங்கள். உருளும் கப்பி விரலை நசுக்கிவிடும். ஏறுமுன் எடை பார்ப்பதும் இப்படி நடுவில் நின்றுவிடாமல் இருக்கத்தான்: அதிகபட்ச வரம்பைப் போலவே குறைந்தபட்ச வரம்பும் முக்கியம்.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

இடுப்பிலும் தொடையிலும் உள்ள பட்டைகளை ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாரா? கொக்கியின் வாயைத் திருகி மூடினாரா? பிரதான இணைப்போடு இன்னொரு பாதுகாப்பு இணைப்பும் மாட்டினாரா? முன்னால் போனவர் இறங்கிவிட்டதாக எதிர்மேடையிலிருந்து தகவல் வந்த பிறகுதான் அடுத்தவரை அனுப்புகிறாரா? துப்பட்டாவையும் நீளமான கூந்தலையும் இறுக்கிக் கட்டுங்கள்.

“நடுவில் நின்றால் எப்படி மீட்பீர்கள்?” என்று கட்டாயம் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஊழியர் தயங்காமல் பதில் சொல்வார். பதில் வராத இடத்தில் ஏறாதீர்கள்.