காயம் ஒன்று, கோரிக்கை எத்தனை?

குடும்பத்தைத் தாங்கும் கை வேலைத்தலத்தில் முறிந்துவிட்டால், மறுநாளே வீட்டு வாசலில் அறிவுரைகள் குவிகின்றன. "முதலாளியைக் கேளுங்கள்" என்பார் ஒருவர், "ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே" என்பார் மற்றொருவர். "எல்லா இடத்திலும் வழக்குப் போடுங்கள், ஏதாவது ஒன்று கிடைக்கும்" என்பார் மூன்றாமவர். இம்மூன்றாம் அறிவுரையிடம்தான் நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பெரியதொரு சுமையை ஏழையின் தோளினின்று இறக்கியது. முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்தது எனக் காட்டினால் போதும். ஆயின் அதிலேயே ஒரு தாழ்ப்பாளும் இருந்தது. ஆணையரிடம் மனுச் செய்தவர், அதே காயத்திற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் முதலாளிமீது வழக்கிட முடியாது. நீதிமன்றம் சென்றவர் ஆணையரிடம் திரும்பவும் முடியாது.

1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் இன்னும் கண்டிப்பானது. அதன்கீழ்ப் பயன் பெற உரிமையுள்ளவர், முதலாளியிடமோ அவருடைய பணியாளரிடமோ வேறு இழப்பீடு பெறுவதை அதன் 53ஆம் பிரிவு தடுத்தது. கேரளத்து ஒட்டுப்பலகை ஆலையொன்றில் காயமுற்ற தொழிலாளி, ஈ.எஸ்.ஐ. பயனுக்கும் மேலாக முதலாளியிடம் நட்டஈடு கோரியபோது, 1997இல் உச்ச நீதிமன்றம் அத்தடையையே உறுதி செய்தது.

சாலை விபத்தில் நிலைமை வேறு. லாரி ஓட்டுநர் ஒருவர் பணியின்போது இறந்தார் எனக் கொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு அவருடைய மனைவி மக்களுக்கு இரு வழிகளைக் காட்டுகிறது: விபத்துத் தீர்ப்பாயம், அல்லது தொழிலாளர் இழப்பீடு. இரண்டில் ஒன்றே; இரண்டும் அல்ல. எதிரே வந்த வண்டியின் தவறு எனச் சான்று இருப்பின், தீர்ப்பாயத்தில் மிகுதியான தொகை கிடைக்கக்கூடும். அவர் தம் கவனக்குறைவாலேயே மரத்தில் மோதியிருந்தால், அங்கே வழக்கு நிற்பது அரிது. இழப்பீட்டு ஆணையர் வழியே கைகொடுக்கும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில், 15,000 ரூபாய் மாத ஊதியமுள்ள நாற்பது வயதினர் இறந்தால், ஊதியத்தில் பாதியான 7,500ஐ 184.17 ஆல் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய் வரும்.

அப்படியானால் ஒன்றைப் பெற்றால் மற்றவையெல்லாம் போய்விடுமா? இல்லை. ஆயுள் காப்பீடு, சேமநல நிதி, குடும்ப ஓய்வூதியம் ஆகியவை இறந்தவர் தம் உழைப்பாலும் சந்தாவாலும் ஈட்டியவை. அவற்றை வாகன விபத்து இழப்பீட்டிலிருந்து கழிக்கலாகாது என 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பணிக்கொடையும் தனி உரிமையே. மரணத்திலும் ஊனத்திலும் ஐந்தாண்டுப் பணி என்னும் நிபந்தனை கிடையாது.

1923, 1948ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 வந்துள்ளது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21இல். ஆகவே விபத்து நடந்த நாளை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மருத்துவச் சீட்டு, ஊதியச் சீட்டு, முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றை ஒரே உறையில் காப்பாற்றுங்கள். வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். மரணத்திற்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடமே செலுத்த வேண்டும் எனப் பழைய சட்டம் விதித்ததன் காரணத்தை எண்ணிப் பாருங்கள்: துயர வீட்டில் சிறு தொகையைக் கையில் திணித்துப் பெருங்கடனைத் தீர்த்துக்கொள்ள எவரும் முயலக்கூடாது என்பதே அது. முதல் மனுவில் கையொப்பமிடுமுன் குடும்பமாய் அமர்ந்து, எந்த வாசல் நமக்குரியது எனக் கேட்டறிவோம். ஒரு வாசலில் நுழைந்தபின் மற்றது திறவாது போகலாம்.