செகண்ட் ஹேண்ட் ரோலெக்ஸ்: ஆர்டர் கொடுக்கும் முன் அசலா, போலியா என்று பார்ப்பது எப்படி?

செல்ஃபோன், லேப்டாப், கேமரா வரிசையில் இப்போது விலையுயர்ந்த ஸ்விஸ் வாட்சுகளையும் இணையத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்குகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லேப்டாப்பில் கோளாறு இருந்தால் ஆன் செய்தவுடன் ஓரளவு தெரிந்து விடும். போலி வாட்சோ சரியாகவே நேரம் காட்டும்! பல இலட்ச ரூபாய் கொடுத்து வாங்கி, பல வருடம் கட்டிய பிறகு விற்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் விற்றவர் எங்கே போனாரோ?

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு மாடலை எடுத்துக் கொண்டு பார்ப்போம். ரோலெக்ஸ் சப்மரினர் டேட், மாடல் எண் 16610. 1980களின் கடைசியிலிருந்து 2010 வரை தயாரானது. செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் நிறையக் கிடைக்கிறது. அதனாலேயே இதன் போலிகளும் ஏராளம். இதைச் சோதிக்கத் தேவையான முதல் கருவிகள் உங்களிடம் ஏற்கெனவே உள்ளன: ஒரு கம்ப்யூட்டர், ஒரு செல்ஃபோன்.

படங்கள் உண்மையானவையா?

விளம்பரத்தில் உள்ள படங்களை சேவ் செய்து, கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ தளத்தில் கொடுத்துத் தேடுங்கள். அதே படம் வேறொரு நாட்டு விளம்பரத்தில் இருந்தால் கதை முடிந்தது. சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். எனவே திருப்பியும் ஒரு முறை தேடுங்கள்.

அடுத்து, புதிய படம் கேளுங்கள். "முட்களை 4 மணி 37 நிமிடத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் என் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய தாளை வையுங்கள்" என்று சொல்லுங்கள். இன்று படங்களை செயற்கை நுண்ணறிவு சாஃப்ட்வேர்களே உருவாக்கி விடுகின்றன. எனவே இடையில் வெட்டாத ஒரு வீடியோவும் கேட்பது நல்லது. வாட்சைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

வினாடி முள்ளை எண்ணுங்கள்

இந்த மாடலுக்குள் இருப்பது 3135 என்ற ரோலெக்ஸின் சொந்த இயந்திரம். மணிக்கு 28,800 துடிப்புகள். அதாவது வினாடி முள் ஒரு வினாடியில் 8 சிறு தாவல்களாக நகரும். வினாடிக்கு 240 ஃப்ரேம் வேகத்தில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் ஒரு தாவலுக்கு 30 ஃப்ரேம் வர வேண்டும். 40 ஃப்ரேம் வந்தால் உள்ளே இருப்பது மணிக்கு 21,600 துடிப்புள்ள வேறு இயந்திரம். வினாடிக்கு ஒரே ஒரு தாவல் என்றால் பேட்டரி வாட்ச்!

வீடியோவை மெசேஜில் அனுப்பினால் சுருங்கி விடும். ஒரிஜினல் ஃபைலையே கேட்டு வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். இதில் ஃபெயில் ஆனால் நிச்சயம் போலி. பாஸ் ஆனால் அசல் என்று பொருளல்ல. நல்ல போலிகளிலும் 28,800 துடிப்பு இயந்திரம் வருகிறது.

எண்கள் ஒத்துப் போகின்றனவா?

இந்த மாடலில் பெரும்பாலானவற்றில் செயினைக் கழற்றினால் 12 மணி பக்கம் மாடல் எண்ணும், 6 மணி பக்கம் சீரியல் எண்ணும் செதுக்கப்பட்டிருக்கும். கோடுகள் கூர்மையாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக, அரித்தாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். 1987 வாக்கிலிருந்து 2010 வரை சீரியல் எண் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கியது. உதாரணமாக 'பி' என்றால் ஏறக்குறைய 2000ஆம் ஆண்டு. சேகரிப்பாளர்கள் தொகுத்த இந்தப் பட்டியல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். 2010க்குப் பிறகு எண்கள் வரிசையின்றி வருவதால் ஆண்டைக் கணிக்க முடியாது.

சீரியல் எண்ணையும் தேடிப் பாருங்கள். போலி செய்பவர்கள் ஒரே எண்ணை நூற்றுக்கணக்கில் செதுக்குவதுண்டு. லண்டனிலிருந்து இயங்கும் 'தி வாட்ச் ரெஜிஸ்டர்' தளத்தில் கட்டணம் செலுத்தி, அந்த எண் திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று சோதிக்கலாம். அசல் வாட்சாகவே இருந்தாலும் திருட்டுப் பொருள் என்றால் உங்கள் கையில் நிற்காது.

இருட்டில் ஒரு சோதனை

1998 வாக்கு வரை ரோலெக்ஸ் டயல்களில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஒளிப்பூச்சு இருந்தது. அதன் அடையாளமாக டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லோடு 'டி' எழுத்தும் 25 என்ற எண்ணும் இருக்கும். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். 25 ஆண்டுகளில் கால் பங்குதான் மிஞ்சும். எனவே 1990களின் டயல் இன்று இருட்டில் ஏறக்குறைய ஒளிராது. அது பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ பூச்சை மாற்றியிருக்கிறார்கள், அல்லது டயலே போலி. அதுபோல 'பி' சீரியல் வாட்சில் ட்ரிட்டியம் டயல் இருந்தாலும் கணக்கு உதைக்கிறது.

உதிரிகளால் ஆன வாட்ச்

போலிக்கும் அசலுக்கும் நடுவே இன்னொரு ரகம் உண்டு. பல வாட்சுகளின் அசல் பாகங்களைக் கழற்றி, ஒன்றாக்கி விற்பது. 2021 நவம்பரில் ஜெனிவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1957ஆம் ஆண்டின் ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 இலட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஓமேகாவின் மியூசியமே! 2023இல் அது உதிரிகளைச் சேர்த்துச் செய்த வாட்ச் என்று ஓமேகாவே அறிவித்தது. முன்னாள் ஊழியர்களுக்கு இதில் பங்கிருந்ததாகவும் சொன்னது. தயாரித்த கம்பெனியே ஏமாறும் இடத்தில், நாம் சில படங்களை மட்டும் நம்பிப் பணம் அனுப்பலாமா?

பணம் அனுப்பும் முன்

• தனி வெப்சைட் என்றால் 'ஹூ ஈஸ்' சேவையில் அதன் பெயரைக் கொடுத்து, எப்போது பதிவானது என்று பாருங்கள். "30 ஆண்டு அனுபவம்" என்று சொல்லும் கடையின் வெப்சைட் சென்ற மாதம் பதிவாகியிருந்தால் விலகி விடுங்கள்.

• நேரடியாக வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் மறுத்து விடுங்கள். ஜெர்மனியின் க்ரோனோ24 போன்ற தளங்களில், பொருள் வந்து சேரும் வரை பணத்தை இடையில் நிறுத்தி வைக்கும் எஸ்க்ரோ வசதி உள்ளது. ஈபே 2020இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டத்தில், விலை கூடிய வாட்சுகள் நிபுணரின் சோதனைக்குப் பிறகே வாங்கியவருக்குப் போகின்றன.

• 2022 டிசம்பரில் ரோலெக்ஸே பழைய வாட்சுகளுக்குச் சான்றளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு ஆண்டு கேரண்டி உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் கூடுதல் பணத்துக்குத்தான் நிம்மதி கிடைக்கிறது.

• பெட்டியும் கார்டும் இருப்பதாலேயே நம்ப வேண்டாம். அவையும் போலியாகக் கிடைக்கின்றன.

பார்சல் வந்ததும் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இந்த வாட்சுகளில் பழக்கமுள்ள டெக்னீஷியனிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியில் எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசித் தீர்ப்பு உள்ளே இருக்கும் அந்த 3135இல்தான் இருக்கிறது. திறந்த பிறகு தண்ணீர் புகாத தன்மையைச் சோதித்து வாங்கிக் கொள்ளவும். கெடு கொடுக்க விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வாட்ச் உங்களுக்கு வேண்டாம்.